முந்திப் போகும் பஸ்

குணசீலம் தாண்டிக் காவிரிக்கரைச் சாலையில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. தொட்டியம் பஸ் மெதுவாக வருகிறது. டிரைவர் தாயுமானவனுக்குப் பின்னால் அவர் மனைவி பவுனம்மாள், ஆறு மாத வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கர்ப்பம் கலைந்தபின் தங்கியது இது. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பள்ளம் வருமுன்பே அவர் கால் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. வீட்டில் கதவை உதைத்துத் திறக்கும் காலுக்கு இவ்வளவு பொறுமை எங்கே இருந்தது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். போட்டிக் கம்பெனி பஸ் ஹாரனை அலறவிட்டு முந்துகிறது. அடுத்த நிறுத்தத்து ஆட்களை அதுவே அள்ளிக்கொள்ளும். “அண்ணே, பஸ் ஓட்டுறீங்களா, சீரங்கத்துத் தேரை இழுக்கிறீங்களா?” என்கிறார் கண்டக்டர் பிச்சை. “போகட்டும் விடு” என்கிறார் தாயுமானவன். பிச்சை பவுனம்மாள் பக்கம் திரும்புகிறார்: “அண்ணி, நீங்க தினம் வாங்க. இவரு அவனைத் துரத்துறதுல வண்டி குடிக்கிற டீசல் பாதி மிஞ்சும். எங்க உயிரும் மிஞ்சும்!”

எல்லோரும் சிரிக்கிறார்கள். பவுனம்மாள் சிரிக்கவில்லை. தினமும் வாசலில் நின்று அனுப்பி வைத்தது இந்தத் துரத்தலுக்கா? முன்னால் சாய்ந்து மெல்லச் சொல்கிறாள்: “நான் இல்லாதப்பவும் இப்படியே ஓட்டுங்க. பொறக்கப்போறதுக்கு அப்பா வேணும்ல.” அடுத்த நிறுத்தத்தில் போட்டி பஸ் இன்னும் ஆளேற்றிக்கொண்டிருக்கிறது. தாயுமானவன் என்ஜினை அணைத்துவிட்டு, அது கிளம்பும்வரை பின்னால் காத்திருக்கிறார்.