வெறும் வாயு

பஸ் ஓட்டும் அக்கா காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள். அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"தாடை வரைக்கும் வலிக்குது டாக்டர்."

டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெறும் வாயு. பொம்பளைங்களுக்கு இந்த வயசுல டென்ஷன் ஜாஸ்தி."

"ஒரு ஈ.சி.ஜி.யாவது எடுங்களேன்," என்றேன்.

"இங்க டாக்டர் நானா, நீங்களா?"

வாசலைத் தாண்டுவதற்குள் அக்கா சுருண்டு விழுந்தாள். அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாரடைப்பு!

"பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா கையை விரிச்சிருப்போம்," என்றார் நர்ஸ்.

சாயங்காலம், அக்கா பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஈ.சி.ஜி. தாளோடு அந்த டாக்டரைத் தேடினேன். மாடி அரங்கத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

மேடையில் அவர்தான் முழங்கிக்கொண்டிருந்தார். "நெஞ்சுவலின்னு வர்ற பெண்களை வாயுன்னு திருப்பி அனுப்பிடறாங்க! மூணு வருஷமா ஆராய்ச்சி பண்ணினேன். இந்த ஒரு ஆஸ்பத்திரியிலேயே நூத்திப் பன்னெண்டு பேர்! அநியாயம் இல்லையா?"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"யாருக்காவது கேள்வி இருக்கா?"

தாளை உயர்த்திக்கொண்டு கத்தினேன்:

"நூத்திப் பதிமூணுன்னு திருத்திக்குங்க, டாக்டர். இன்னிக்குக் காலையில நீங்க திருப்பி அனுப்பின எங்க அக்கா கீழேதான் படுத்திருக்கா!"