ஒரு பக்க வெயில்

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோனது. உள்ளே இரண்டே பேர். வலது கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி மேனேஜர். மூச்சு விடவும் பயந்தபடி ஸ்டோர்கீப்பர்.

ஆபீஸில் மேனேஜருக்கு வைத்திருந்த பெயர் ‘மோப்பம்’. சனிக்கிழமை லீவு போட்டுப் பல் பிடுங்கப் போனவர், செவ்வாயாகியும் கைக்குட்டையை இறக்கவில்லை. பல் வலித்தாலும் கண் சும்மா இருக்குமா?

“சனிக்கிழமை உங்களுக்குக் காய்ச்சல்னு லெட்டர்ல பார்த்தேனே?”

“ஆமா சார். நாள் பூரா இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தேன்.”

“போர்வைக்குள்ள வெயில் அடிச்சுதோ?”

ஸ்டோர்கீப்பர் பார்வையைத் திருப்பினான். லிஃப்டின் பளபளத்த சுவரில் அவன் முகம் தெரிந்தது. இடது பக்கம் மாநிறம். வலது பக்கம் அடிப்பிடித்த பாத்திரம்.

“என் தோல் அப்படி சார். மொட்டை மாடில துணி காயப் போட்டாலே கருத்துடும்.”

“ஒரு பக்கம் மட்டுமா? நண்டு மாதிரி பக்கவாட்டுலயே நடந்து காயப் போட்டீங்களா?”

ஸ்டோர்கீப்பர் அலாரம் பொத்தானை நாலாவது தடவையாக அழுத்தினான். “மெக்கானிக் வந்துட்டே இருக்கார், பொறுங்க!” என்று வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள். உள்ளே மின்விசிறியும் நின்றுவிட்டது.

மேனேஜர் ஓரடி நெருங்கினார். “எல்லாத் தோலும் ஒண்ணா? உங்க தோல் கருக்கும், எரியாது. என்னை மாதிரி வெளுத்த தோல் கருக்கவே கருக்காது. சிவந்து, எரிஞ்சு, மூணாம் நாள் உரியும். வெயில் யாரையும் விடாது. வடக்கே பார்த்து, காலைல எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் அசையாம நின்னாத்தான் இப்படி வலது பக்கம் மட்டும் வாங்கும். எங்க நின்னீங்க?”

போன மாதம் வேறு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போன டைப்பிஸ்ட்டை மோப்பம் பிடித்து, அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியவர் இவர். ஸ்டோர்கீப்பருக்குப் புது வேலை இன்னும் கைக்கு வரவில்லை. இதுவும் போனால், எட்டு மாதக் கர்ப்பிணி மனைவியோடு நடுத்தெருதான். ஓடலாமென்றால் நாலு பக்கமும் இரும்புச் சுவர்.

“மன்னிச்சிடுங்க சார்!” ஸ்டோர்கீப்பர் கைகூப்பினான். “புது ஃபேக்டரில ஆள் எடுக்கறாங்கன்னு போனேன். மதில் ஓரமா அனுமார் வால் மாதிரி க்யூ. ஒண்ட நிழல் இல்ல. என் முறை வர்றதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டாங்க. வீட்டுல எட்டு மாசம் சார், வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க.”

மேனேஜருக்கு நெற்றி வியர்வை வழிந்து கண்ணில் இறங்க, தன்னை மறந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அவருடைய இடது கன்னம் எப்போதும்போல வெள்ளை வெளேரென்று இருந்தது. வலது கன்னம் செக்கச்செவேலென்று சிவந்து, வெந்த கிழங்காகத் தோல் உரிந்து தொங்கியது.

ஸ்டோர்கீப்பர் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். லிஃப்ட் ஒருமுறை முனகி, மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. கதவு திறப்பதற்குள், குரலைத் தாழ்த்திக் கெஞ்சலாகச் சொன்னார்:

“என்னையும் உள்ள விடல… வெளில சொல்லிடாதீங்க.”