பக்கத்துக் கட்டில் ஜெபம்

"ஆண்டவரே, இந்த வலியை எடுத்துப்போடும்" என்று முனகிக்கொண்டு கிடந்தார் தையல்காரர். கால் முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. அப்போது பக்கத்துக் கட்டிலை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே, என் வீட்டுக்காரருக்கு வலியைத் தாரும். இன்னைக்காவது தாரும்."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்கு "ஆமென்" சொன்னது அந்த வீட்டுக்காரனே என்று குரலில் தெரிந்ததும் தலையே சுற்றியது.

தண்ணீர் பிடிக்க வெளியே வந்தவளை நிறுத்தினார்.

"ஏம்மா, கட்டின புருஷனுக்கு யாராச்சும் இப்படி ஜெபம் பண்ணுவாங்களா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேக்கறோம்ணே. மூணு மாசமா."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன பாவம் செய்தானோ, தண்டனையை அவனே கேட்டு வாங்குகிறானே! நமக்காகச் சிலுவையில் ஒருவர் பட்டது போதாதா? தையல்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சற்று நேரத்தில் திரைக்குப் பின்னால் டாக்டரின் குரல் கேட்டது.

"கண்ணை மூடிக்குங்க. ஊசியால குத்தறேன், தெரியுதா?"

"இல்ல டாக்டர்."

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"ஐயோ! வலிக்குது! கால் கட்டைவிரல் வலிக்குது டாக்டர்!"

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

"கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்தப்புறம், இடுப்புக்குக் கீழ இப்பதான் உணர்ச்சி வந்திருக்கு" என்றார் டாக்டர்.

நர்ஸ் தையல்காரரிடம் வந்தாள்.

"வலி தாங்கலையாண்ணே? ஊசி போட்டுடலாமா?"

அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே..." என்று தொடங்கினார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.