நெஞ்சில் பட்ட பந்து

"நல்லாப் பாரும்மா. பந்து பட்டது நெஞ்சுலயா, கையிலயா?"

மேட்ச்சில் கேலரியிலிருந்து தானே எடுத்திருந்த வீடியோவை மாமனார் வீட்டில் பத்தாவது தடவையாக ஓட்டினார். அவர் ஒரு காலத்தில் கோல்கீப்பராக நின்ற கல்லூரி, நேற்று ஃபைனலில் கடைசி நிமிடப் பெனால்டியால் தோற்றிருந்தது.

"அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தபடி கேட்டார்.

மருமகள் கறுப்புச் சட்டையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் போனை வாங்கினாள். ஓட்டினாள், நிறுத்தினாள், மறுபடியும் ஓட்டினாள்.

"நீங்க சொன்னதுதான் சரி மாமா. நெஞ்சுலதான் பட்டிருக்கு."

"அப்படிச் சொல்லு!"

"ஒருத்தன் குறுக்க வந்துட்டான். கை தூக்கினது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. விசிலை ஊதிட்டேன்."

ஜெயித்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை.

"விடும்மா, பசங்க ஆட்டம்தானே! இந்த வீடியோ என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அழிச்சிடறேன், கொடு."

"என் நம்பருக்கு அனுப்பிட்டேன் மாமா. நான் ஊதினது தப்புன்னு கமிட்டிக்கு எழுதணும், இதையும் சேர்த்து வைக்கணும்."

மாமனார் எழுந்து வந்து இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"நீ போய் எழுது. சட்டையை நான் தேய்ச்சு வைக்கிறேன். அடுத்த மேட்ச்சுக்குப் போக வேணாமா?"