மூலை நாற்காலி

"புருஷன் எட்டு மாசமா படுத்த படுக்கையா கெடக்கான். இவ வெள்ளிக்கிழமை தவறாம ராட்டினம் சுத்தப் போறா!"

ரேஷன் கடை வரிசையில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். துர்காவுக்கு மேடை கிடைத்துவிட்டது.

பிளஸ் டூ முடித்துவிட்டு கம்ப்யூட்டர் கிளாஸ் போகும் துர்காவுக்கு எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும். திருத்தணி பஸ் ஸ்டாண்டு கண்டக்டர், ஸ்கூல் ஹெச்.எம்., மலைமேல் தேங்காய் விற்கிறவர் என்று பாதி ஊர் அவள் தொண்டைக்குள் குடியிருந்தது.

"வள்ளிநாயகி அக்கா எப்படிக் கத்தும் தெரியுமா? மொதல்ல 'ஐயோ...' அப்பறம் 'அம்மா...' அப்பறம் அரக்கோணம் வண்டி ஊதற மாதிரி ஒரு 'ஊ...'!"

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது.

"நீ எங்கடி கேட்ட?"

"என் கம்ப்யூட்டர் கிளாசுக்கு எதிர் மாடிதானே ஜாலி லோகம்!"

ஜாலி லோகம், பக்தவச்சலம் போன வருஷம் திறந்த விளையாட்டுக் கூடம். கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை என்று ஏழெட்டு மிஷின்கள். ஆனால் கூட்டம் மொய்ப்பது ஆடும் நாற்காலிக்குத்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணெதிரே மலை, பள்ளம், தலைகீழ் ராட்டினம். கிருத்திகைக்கு மொட்டை போட்டவர்கள் சந்தனத் தலையோடு உட்கார்ந்து, பள்ளத்தில் இறங்கும்போது "அரோகரா!" என்று அலறுவார்கள். வாசல் பக்கம் ஒரு நாற்காலி, மூலையில் ஒன்று.

"மாமியாக்காரி எல்லம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடும்."

"எல்லம்மா வெள்ளிக்கிழமை மலையேறினா எறங்க மத்தியானமாவும். அந்த கேப்புலதான் இவ ஓடறா."

துர்காவுக்குத் தொண்டை துறுதுறுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை கிளாசுக்கு மட்டம் போட்டுவிட்டு எதிர் மாடி ஏறினாள். பக்தவச்சலம் பால்கனியில் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். உள்ளே விளையாட ஆள் இல்லை. ஆனால் எல்லா மிஷினும் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

மூலை நாற்காலியில் வள்ளிநாயகி. முகம் ஹெல்மெட்டுக்குள். தோள் குலுங்கியது.

"ஐயோ... அம்மா..."

துர்கா பூனை மாதிரி பின்னால் போய் நின்று, எல்லம்மாவின் கரகரக் குரலை எடுத்துவிட்டாள்.

"ஏய் வள்ளீ! இன்னாடி பண்ணிகினு கீற இங்க?"

வள்ளிநாயகி பதறி எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கியிருந்தன.

"நான்தான்க்கா! பயந்துட்டியா?"

"அப்படியே அத்தை கொரலுடி..." வள்ளிநாயகி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேண்ணா" என்று பக்தவச்சலத்திடம் சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

பக்தவச்சலம் திட்டவில்லை. அதுதான் துர்காவுக்கு என்னவோ போலிருந்தது.

"அங்கிள், எனக்கும் ஒரு சுத்து விடுங்க."

"வாசப்பக்கம் ஒக்காரு."

"ம்ஹூம். அக்கா ஒக்காந்ததுலதான்."

அவர் தடுப்பதற்குள் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். உள்ளே ஒரே இருட்டு. நெற்றியில் பட்ட பஞ்சு நனைந்திருந்தது.

"படமே வரலியே அங்கிள்?"

"வராது பாப்பா. அது கெட்டுப்போயி ஆறு மாசமாவுது."

"அப்ப அக்கா..."

"ஒரே ரூம்பு வூடு. கட்டட வேலையில வுழுந்து முதுகொடிஞ்சி கெடக்கற புருஷன் எதிர்ல அழ முடியுமா? இங்கன்னா எவ்ளோ கத்தினாலும் ராட்டினத்துக்குக் கத்தறான்னுதான் நெனப்பாங்க. அதுக்குத்தான் ரிப்பேர் பண்ணாம வுட்டு வெச்சிகினு கீறேன்." அவர் ஒவ்வொரு மிஷினாக அணைத்துக்கொண்டு வந்தார். "இனிமே வருவாளோ, மாட்டாளோ."

அன்றைக்கு முழுக்க துர்காவின் தொண்டையில் ஒரு குரலும் எழவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லம்மா மலைக்குக் கிளம்பியதும் துர்கா வள்ளிநாயகியின் வீட்டுக்குப் போனாள். கட்டிலில் விஜயன். வாய் நிறையச் சிரிப்போடு வள்ளிநாயகி அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ ராட்டினம் போய்ட்டு வா. நான் மாமாகூட இருக்கேன்."

"வேணாம்டி. திடீர்னு அத்தை கொரல் கேட்டுதுன்னா?" விளையாட்டாகத்தான் சொன்னாள். கண் மட்டும் விளையாடவில்லை.

"எப்படிக் கேக்கும்? கொரலுக்குச் சொந்தக்காரி இங்கதானே இருக்கேன். இனிமே எல்லா வெள்ளிக்கிழமையும் இங்கதான்."

"அதான் சொல்றா இல்ல, போய்ட்டு வா வள்ளி" என்றான் விஜயன். "வந்து கதை சொல்லு."

வள்ளிநாயகி துர்காவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

துர்கா சரக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். கண்டக்டர் வந்தார், ஹெச்.எம். வந்தார், தேங்காய்க்காரர் பேரம் பேசினார். சிரித்துச் சிரித்து விஜயனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் மெல்லக் கேட்டான்.

"மூலை நாற்காலியில ஒக்காந்து பாத்தியாமே? பக்தவச்சலம் பாவா சொன்னாரு. வள்ளிக்கு அண்ணன்னா எனக்கு மச்சான் மொறைதானே."

துர்கா விழித்தாள்.

"என்னைப் பாக்க வந்தப்ப நான்தாம்மா அவரைக் கேட்டேன். 'எனக்கோசரம் நாளெல்லாம் சிரிச்சிகினே கீறா பாவா, அவளுக்கு அழறதுக்கு ஒரு எடம் குடு'ன்னு. மகராசன், ஒரு வார்த்தை கேக்காம குடுத்தாரு. இப்ப நீ வந்து ஒக்காந்துகினு கீற. எங்களுக்கு இன்னா கொறை?"

துர்கா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"திரும்பி வந்து மலை, பள்ளம்னு ஒரு மணி நேரம் கதை வுடுவா. நானும் ஆங் ஆங்னு கேட்டுக்குவேன்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விஜயன் குரலைத் தாழ்த்தினான்.

"மிஷின் கெட்டது எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதம்மா."