ஏழாவது மூடி

கட்டுப்பாட்டு அறைப் பலகையில் ஏழு ஆணிகள். ராக்கெட்டிலிருந்து கழற்றி மாட்டிய ஆறு சிவப்பு மூடிகள்.

அவள் மறுபடியும் எண்ணினாள். ஆறுதான்.

ராக்கெட் கிளம்பப் பதினோரு நிமிடம் இருந்தது.

ஏழாவது மூடி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எரிபொருள் தொட்டியின் காற்றுப்போக்குக் குழாயில். அவள்தான் அதைக் கழற்றியிருக்க வேண்டும். காலையில் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். வந்து கழற்றிக்கொள்ளலாம் என்று, கழற்றியாயிற்று என்ற கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு ஓடினாள். சாமி கும்பிட்டதில் மூடி மறந்துபோனது.

அந்த மூடியோடு கிளம்பினால் தொட்டி வெடிக்கும்.

ஏற்கெனவே ஆறு முறை தள்ளிப்போன ராக்கெட். முதலீடு செய்தவர்கள் மும்பையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய கம்பெனியில் எது தாமதமானாலும் மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்பார். யார்? பெயர் வந்தவர் மறுநாள் வேலைக்கு வரமாட்டார். அதனால் அங்கே யார் கண்ணிலும் எந்தக் கோளாறும் பட்டதில்லை. அவர்களுடைய ராக்கெட் குறித்த நேரத்தில் கிளம்பியது. கடலில் விழுந்தது.

இங்கே அப்படியில்லை என்றார்கள். அவள் வந்து மூன்று மாதம்தான். நம்பலாம். ஆனால் சோதித்துப் பார்க்க யாருக்கு ஆசை?

எட்டு நிமிடம்.

எதிரே இருந்த நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் எண்கள் நின்றன. அத்தனை தலைகளும் திரும்பின. எழுந்து நின்று சொன்னாள். மூடி, கையெழுத்து, தேங்காய், எல்லாவற்றையும்.

இயக்குநர் இன்னாசி எழுந்து வந்தார். கையில் அட்டைப்பெட்டி. வெற்றிக்கென்று ஒவ்வொரு முறையும் தூத்துக்குடி மக்ரூன் வாங்கிவிடுவார். ஒவ்வொரு முறையும் நிறுத்தியவருக்குத்தான் முதல் மக்ரூன். இரண்டு வருடத்தில் மேலே ஏறியது அங்கிருந்தவர்களின் எடை மட்டும்தான்.

"எடுத்துக்கோம்மா. வச்சிருந்தா நமத்துப் போயிரும்லா."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும். மும்பைக்காரர்களில்கூட ஒருவர் எழுந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாய் முழுக்க மக்ரூன். இப்படி ஒரு சந்தோஷத்தை எந்த வேலையிலும் அவள் அனுபவித்ததில்லை.

கைதட்டல் ஓய்ந்தபோது கடைசி வரிசையில் ஒரு கை மேலே எழுந்தது.

பம்புப் பிரிவின் கோயில்பிள்ளை. ஆறு தாமதங்களிலும் மீசையைத் தடவிக்கொண்டு அடுத்தவர்களைக் கேலி செய்தவர். தன் பக்கம் தப்பே வராது என்று அடித்துச் சொல்கிறவர்.

"சார்... பம்புல ஒரு சத்தம். மூணு நாளா கேக்கேன்."



இன்னாசி மேசைக்கடியில் குனிந்தார். இரண்டாவது பெட்டியை எடுத்து, நூலைப் பிரித்து, அவள் கையில் கொடுத்தார்.

அவள் கடைசி வரிசைக்கு நடந்தாள். கோயில்பிள்ளையின் கை மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது. அவள் அதைப் பார்க்காததுபோல் பெட்டியை நீட்டினாள்.