பளபளத்த செயின்

இதைக் கோணாமல் சொல்ல வருமா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை கூடினால் மூத்தவள் பொல்லாதவளாகிவிடுவாள். ஒரு வார்த்தை குறைந்தால் இளையவள் அசடாகிவிடுவாள். நடந்தது இதுதான்.

அண்ணன், தம்பி, அவர்கள் மனைவிமார் எல்லோரும் ஒரே வீடு. ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே நாளில் வாங்கிய, அச்சு அசலாக ஒரே மாதிரி சைக்கிள். மூத்தவளுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சலவைக்கடையில் வேலை. இளையவளுக்குக் கடைவீதி மருந்துக்கடையில், ஐந்து நிமிட மிதி.

மூத்தவளின் கணவனுக்கு வாரம் முழுக்க அச்சகம். ஞாயிறானால் தெருவுக்கே சைக்கிள் வைத்தியர்.

அந்த ஞாயிறும் வாசலில் உட்கார்ந்து, இளையவளின் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இதோட நாலு ஞாயிறு," என்றாள் மூத்தவள்.

"எது?"

"நீங்க அவ செயினுக்குப் பல் விளக்கி விடறது."

"அதுக்குத் தேவைப்படுது, செய்யறேன்."

"என்னுது கரிச்சட்டியாட்டம் கிடக்கு. அது கண்ணுல படல?"

"உன்னுது நல்லா ஓடுதில்ல? ஓடறதை எதுக்கு நோண்டணும்?"

உள்ளேயிருந்து இளையவள் குரல் கொடுத்தாள். "மாமா, அக்காவோடதையும் கழுவிக் கொடுத்திடுங்களேன்."

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரரிடம் எனக்கு இவள் சிபாரிசா?

அதற்குள் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணே, புதுச் செயின் போட்டேன். அழுத்தி மிதிச்சா டக்கு டக்குன்னு குதிக்குது."

"பின்சக்கரப் பல்லை மாத்தினியா?"

"அது நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். செயினும் பல்லும் சேர்ந்தே தேயும்ப்பா. பழசு பழசோட ஓடும், புதுசு புதுசோட ஓடும். மாத்தினா ரெண்டையும் மாத்து, இல்ல ரெண்டையும் விடு."

மூத்தவள் காதில் இது விழுந்தது, மனசில் விழவில்லை. அவள் கண் முழுக்க வெயிலில் மின்னிய அந்தச் செயின் மேல். நிச்சயம் புதுசு. கல்யாணமாகி இருபது வருஷத்தில் எனக்கு ஒரு புது ஆணி வாங்கி வந்திருப்பாரா இந்த மனுஷன்?

மறுநாள் காலையில் ஆண்கள் இருவரும் கிளம்பியாயிற்று. இளையவள் குளிக்கப் போனாள். மூத்தவள் கணவனின் குறடு ஒன்றை எடுத்தாள். இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வேலைதானே. இரண்டு செயினிலும் கண்ணியை இணைக்கும் லாக்கை நெம்பினாள், கழற்றினாள், மாற்றி மாட்டினாள். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். நிம்மதியாக ஒரு வாய் காப்பி இறங்கியது.

நிம்மதி பாலம் வரைகூட வரவில்லை. பளபளத்த செயின் தொய்ந்து தொங்கி மூன்று தடவை கழன்றது. "என் ராசி, என் கைக்கு வந்தா புதுசும் பல்லிளிக்குது," என்று தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது இளையவள் கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் கிழிந்து, மோவாயில் சிராய்ப்பு. தம்பிக்காரன் மருந்து போட்டுக்கொண்டிருந்தான்.

"கடைவீதி திருப்பத்துல எழுந்து மிதிச்சிருக்கா. செயின் வழுக்கிக் குப்புற விழுந்துட்டா. பின்னால வந்த பஸ்காரன் பிரேக் போட்டான், பிழைச்சா."



வாசலில் இளையவளின் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்த மூத்தவளின் கணவன் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தான்.

"இது உங்க அக்காவோட செயின் ஆச்சே! லாக்கைக்கூடத் தலைகீழா மாட்டியிருக்கு. ஏம்மா, இப்படிப் பண்ணினே?" என்று இளையவளைப் பார்த்தான். "அக்கா தினம் பாலம் ஏறுறாங்க, முழங்கால் வலின்னு சொல்றாங்க, என் நல்ல பின்சக்கரப் பல்லையும் செயினையும் அவங்களுக்குப் போட்டுட்டு, அவங்க தேய்ஞ்சதை எனக்குப் போடுங்க, சொன்னா வாங்க மாட்டாங்க, சொல்லாதீங்கன்னு மூணு மாசம் முன்னாடி நீதானே கெஞ்சினே? தேய்ஞ்ச செயின் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கட்டும்னுதானே வாராவாரம் கழுவித் தர்றேன்? இப்ப எதுக்கு அதைப் போய்ப் பிடுங்கினே?"

மூன்று மாசமாகப் பாலம் ஏறும்போது முழங்கால் வலிக்காததற்குத் தான் தடவும் தைலம்தான் காரணம் என்று நம்பியிருந்த மூத்தவள், வாசலில் நின்ற தன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள்.

இளையவள் ஒரே ஒரு தடவை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு ஆசைதான் மாமா. நான்தான் மாத்தினேன்."

"அறிவிருக்கா உனக்கு?" என்று சீறினான் தம்பி.

மூத்தவள் வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கணவன் முகத்தைப் பார்த்தாள், கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாக் கேளுங்க தம்பி! தெரியாத வேலையில கை வைக்கலாமா இவ?" என்றாள், எல்லோரையும்விடச் சத்தமாக.